வீரணன்மார் இறங்கி வந்த வருஷம்

மேகத்துக்குள் கையை விட்டு ஏலக்காய் பறிக்கிற ஊர் எங்களுடையது, பெயர் ஏலமேடு. கீழே கம்பம் பள்ளத்தாக்கில் நின்று நிமிர்ந்து பார்க்கிறவர்களுக்கு நாங்கள் தெரியமாட்டோம், எங்களுக்கு அவர்கள் தீப்பெட்டி வீடுகளாகத் தெரிவார்கள், அதனால்தானோ என்னவோ மலைக்காரர்களுக்குத் தலைக்கனம் என்று கீழே பேசிக்கொள்வார்கள், பேசட்டும். தன் மண்ணை முதன்முதலில் மிதித்த மனிதனின் பெயர் தெரிந்த ஊர் இந்தப் பக்கத்தில் எங்களைத் தவிர வேறு கிடையாது. அவர் பெயர் வீரணன்.

காடு வெறும் காடாக இருந்த காலத்தில், மேலே போனவன் திரும்பியதில்லை என்று பயம் காட்டித் தாய்மார்கள் பிள்ளைகளுக்குச் சோறூட்டிய காலத்தில், ஓர் அரிவாளும் ஒரு மூட்டை கம்பு மாவும் ஒரு செவலை நாயும் ஒச்சப்பன் என்ற கூட்டாளியுமாக வீரணன் மலையேறினார், உச்சியில் நின்றார், பாதை திறந்தது, எங்கள் பாட்டன்மார் அந்தப் பாதையில் ஏறி வந்தார்கள். இதற்கு மேல் எதைச் சொன்னாலும் எங்கள் ஊரில் சண்டை வரும். மதம் பிடித்த யானையின் தந்தத்தைப் பிடித்துத் திருகினார் என்பார்கள் தோட்ட முதலாளிகள். மரநாய்த் தோலில் தொப்பி தைத்துப் போட்டிருந்தார் என்பார்கள், தொப்பியே கிடையாது என்பார்கள் வேறு சிலர். கோயில் தெருக்காரர்களைக் கேட்டால் அவர் சாமியார், அருவிக்குள் உட்கார்ந்து தவம் செய்தவர். தோட்டக் கூலிக்காரர்களின் லயத்து வீடுகளில் கேட்டால் அடுத்தவன் வெட்டிய காட்டில் எல்லைக்கல்லை நகர்த்தி வைத்தே பணக்காரனான பலே திருடன். எங்களுக்கும் முன்னாலிருந்தே மலையில் வாழ்கிற மேல்குடிக்காரர்களோ, அப்படி ஒருத்தர் குளிர்காய்ச்சலில் விழுந்து கிடந்தார், எங்கள் பெண்கள்தான் முதுகில் தூக்கி வந்து போட்டார்கள் என்று பாட்டாகவே பாடுவார்கள்.

இத்தனை சண்டையிலும் ஒரு விஷயத்தில் மட்டும் ஊர் முழுக்க ஒரே வாய். மூன்றாவது கணவாயில் யானைக் கூட்டம் குறுக்கே வந்ததும், வீரணனைத் தனியாக விட்டுவிட்டு ஒச்சப்பன் கீழே ஓடிவிட்டான். வீரணனைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறவர்களும் அவரை வாய்க்கு வந்தபடி ஏசுகிறவர்களும் இதில் மட்டும் தோளில் கைபோட்டுக்கொள்வார்கள்.

அதனால்தான் எங்கள் ஊர் பிறந்த நாளுக்கு ஓட்ட நாள் என்று பெயர். வைக்கோலில் ஒச்சப்பன் பொம்மை செய்வோம். அதற்குக் கட்டும் வேட்டி ஒச்சப்பன் வம்சத்து வீட்டிலிருந்துதான் வரவேண்டும், அதுவும் அந்த வீட்டு மூத்தவர் கையாலேயே கொண்டுவந்து கொடுக்கவேண்டும். பொம்மையை மூங்கிலில் குத்தி இரண்டு பேர் கொடிக்கம்பத்திலிருந்து கீழ்நோக்கி ஓட, ஊரே துடைப்பத்தோடு விரட்டிக்கொண்டு ஓடி, முதல் வளைவு வருவதற்குள் பொம்மை பிய்ந்து போயிருக்கும். பிறகு எல்லோருக்கும் பாயசம். இதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது என்று நாங்கள் மனமார நம்பினோம். வேட்டி கொடுக்கிற வீட்டை மட்டும் யாரும் கேட்டதில்லை.

அந்த வீட்டுக்கு அப்போது மூத்தவள் சிட்டம்மாள். பஸ் நிறுத்தத்தில் மெஸ் நடத்துகிறவள், புருஷன் இல்லாதவள், அவள் வைக்கிற கருவாட்டுக் குழம்புக்காக டிரைவர்கள் பஸ்ஸைத் தாமதமாக எடுப்பார்கள். அவளுக்கு வினோதினி என்று ஒரே மகள். வினோதினிக்கும், கீழிருந்து ஜீப்பில் ஆள் ஏற்றி வருகிற லோகேந்திரனுக்கும் பிடித்துப்போய், அது வீடு வரைக்கும் வந்து, லோகேந்திரனின் தாய் பஞ்சவர்ணமும் ஏறக்குறையச் சம்மதித்துவிட்டாள். நகை வேண்டாம், சீர் வேண்டாம், பொண்ணு குடும்பத்துக்கு அந்த ஊர்ல என்ன மரியாதைன்னு ஒரு தடவ நேர்ல பாத்துட்டாப் போதும் என்று சொல்லியனுப்பினாள். ஜோசியரைக் கேட்டு அவளே நாளும் குறித்தாள். அந்த நாள் ஓட்ட நாளாக அமைந்தது. ஜோசியர் சொன்னதை மாற்றுகிற பழக்கம் பஞ்சவர்ணத்துக்குக் கிடையாது.

சிட்டம்மாள் விழாக் கமிட்டித் தலைவர் குருநாதனிடம் போய் நின்றாள். ஏலக்காய் ஸ்டோரும் லாட்ஜும் வைத்திருக்கிற குருநாதன் கெட்டவர் இல்லை, கல்யாணத்துக்குக் கேட்டால் அரிசி மூட்டை அனுப்புகிறவர்தான். இந்த ஒரு வருஷம் மட்டும் பொம்மையை விட்டுவிடக் கூடாதா என்று அவள் கேட்டபோது அவருக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

"வீரணன் இல்லாமக்கூட ஓட்ட நாள் நடத்திப்புடலாம் தாயி. ஒச்சப்பன் இல்லாம எப்படி நடத்துறது?" என்றார்.

அது ஊருக்கு நூறாவது வருஷம் வேறு. வீரணனுக்குச் சிலை வைப்பதாகத் தீர்மானம் போட்டு, முகம் எப்படி இருக்கவேண்டும் என்று சிற்பி கேட்டுவிட, அதற்கு மேல் கமிட்டிக் கூட்டங்களில் நாற்காலிகள்தான் பேசின. கடைசியில், நம் மக்களுக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் என்ன செய்வார்களோ அதையே செய்தோம், பட்டிமன்றம் வைத்தோம். வீரணன் வீரரா, ஞானியா, கள்வரா என்பது தலைப்பு. மைதானத்தில் இருந்தது ஒரே ஒரு கம்பம். அதில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டியவன் வாயை ஊர்ப்பக்கம் வைக்காமல் மலைப்பக்கம் வைத்துவிட்டான். ஆக, காலையிலிருந்து சாயங்காலம் வரை எங்கள் பேச்சாளர்கள் தொண்டை கிழியப் பேசியதை எல்லாம் எங்களைவிட மலைதான் நன்றாகக் கேட்டது.

மறுநாள் மூடுபனி விலகும்போது வீரணன்மார் இறங்கி வந்தார்கள்.

முதலில் வந்தவர் யானை வீரணன். பலாமரத்து உயரம், அக்குளில் ஒற்றைத் தந்தம், தலையில் வால் தொங்குகிற மரநாய்த் தொப்பி. டீக்கடை மரப்பலகையில் உட்கார்ந்தார், பலகை உடைந்தது, பரவாயில்லை என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு அடுத்த பலகையில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் தொப்பியில்லாத யானை வீரணன். பிறகு தலையிலிருந்து அருவித் தண்ணீர் சொட்டச் சொட்டச் சாமியார் வீரணன். பிறகு பார்வையாலேயே பூட்டுகளை எடைபோட்டுக்கொண்டு திருட்டு வீரணன். பிறகு பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி வீரணன், வெள்ளை வேட்டி, சேற்றில் நடந்தாலும் அழுக்கு ஒட்டாது, வாயைத் திறந்தால் அவையோருக்கு வணக்கம் சொல்லாமல் தண்ணீர்கூடக் கேட்கமாட்டார். எல்லோருக்கும் கடைசியாக, மேல்குடிப் பெண் மாசியின் முதுகில் கம்பளி சுற்றிய பொட்டலமாக, பல் கிட்டித்துக்கொண்டு காய்ச்சல் வீரணன். மாசி அவரைச் சிட்டம்மாள் மெஸ்ஸின் அடுப்போரமாக இறக்கி வைத்து, இந்தா, எங்க பங்கு ஆளு, கஞ்சி குடுத்துப் பாத்துக்க என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாங்கள் என்ன செய்வோம்? வந்தவர்களைத் திண்டாட விடுவது எங்கள் பழக்கமில்லை. குருநாதன் லாட்ஜைத் திறந்துவிட்டார். யானை வீரணன்மார் கட்டிலில் அடங்கவில்லை என்று இருவருக்கும் ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்துகிற தளத்தில் பாய் போட்டோம், அவர்கள் உடம்பெல்லாம் மணந்துபோய்த் தெருவில் நடந்தால் பாயச ஞாபகம் வந்தது. சாமியார் வீரணன் உட்கார்ந்த இடமெல்லாம் ஈரமாவதால் அவரை நாற்றங்காலில் உட்கார வைத்தோம், நாற்றுகள் முழங்கால் உயரம் வளர்ந்தன. திருட்டு வீரணன் வந்ததிலிருந்து காலையில் எழுந்தால் யாருடைய எல்லைக்கல்லும் வைத்த இடத்தில் இருப்பதில்லை, ஆனால் எல்லோருடைய கல்லும் ஒரே அளவு நகர்ந்ததால் யாருக்கும் நஷ்டமில்லை என்று விட்டுவிட்டோம். பஸ் ஏறி வெளியூர்க்காரர்கள் பார்க்க வந்தார்கள், பஸ் கம்பெனிக்காரர் இன்னொரு வண்டி விட்டார், சலூன்காரர் எந்த வீரணனுக்கும் எந்தப் பக்கம் வகிடு எடுக்கலாம் என்று அவரவர் ஆதரவாளர்களைக் கேட்டுத்தான் எடுத்தார். விசித்திரம் என்னவென்றால், வீரணன்மார் தங்களுக்குள் சண்டையே போடவில்லை. சாமியாரும் திருடனும் ஒரே அறையில் தங்கி அப்படி ஒட்டிக்கொண்டார்கள். சாயங்காலம் எல்லோருமாக உட்கார்ந்து கேரம் ஆடுவார்கள், திருடன் காயை மறைப்பதை யானை வீரணன் பார்த்தும் பார்க்காதது போல் இருப்பார். சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டதெல்லாம் நாங்கள்தான்.

இரண்டொரு நாளில் ஒச்சப்பனும் வந்தான். ஒருத்தன்தான், ஏனென்றால் அவனைப் பற்றி எங்கள் ஊரில் இருந்தது ஒரே கதை.

காலையில் இட்லி வேகிற நேரத்துக்கு மலைக்கு மேலிருந்து ஓடி வருவான், கண் வெளியே பிதுங்க, இடுப்பு வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி, பஸ் நிறுத்தத்தின் நடுவே புகுந்து, கீழ்நோக்கி ஓடி மறைவான். மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடியும் மேலிருந்து வருவான். அவன் திரும்ப மேலே ஏறியதை யாரும் பார்த்ததில்லை, கதையில் அவன் ஏறியதைப் பற்றிப் பேச்சு இல்லாததால் எங்களுக்கு அது குறையாகவும் படவில்லை. காய்கறிக் கடைக்காரர் கூடைகளை ஓரமாக நகர்த்தி வைத்துக்கொண்டார். டிரைவர்கள் ஹாரன் அடிக்கப் பழகினார்கள். தெரு நாய்கள் முதல் வாரம் குரைத்துவிட்டுப் பிறகு தலையைத் தூக்கிப் பார்ப்பதோடு சரி. ஊரில் சிரிக்காமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது சிட்டம்மாள் ஒருத்திதான். மாவுக் கையோடு வாசலில் வந்து நிற்பாள், அவன் மறைந்த பிறகும் சற்று நேரம் நிற்பாள்.

அவள் வீரணன்மாரை விடவில்லை. எல்லோரும் சாப்பிட அவள் மெஸ்ஸுக்குத்தானே வரவேண்டும். இலையில் சோற்றை வைத்து, குழம்பை ஊற்றுவதற்கு முன், கரண்டியைக் கையில் பிடித்தபடியே, எங்க பூட்டன் ஓடினது நெசமா என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். ஓடினான், நான் சிரித்தேன் என்றார் யானை வீரணன். ஓடினான், மன்னித்தேன் என்றார் சாமியார். ஓடினான், அவன் மூட்டையை நான் எடுத்துக்கொண்டேன் என்றார் திருடன், கூச்சமில்லாமல். பேச்சுப்போட்டி வீரணன் எழுந்து நின்று ஓடினான் என்பதை மூன்று உவமைகளோடு சொன்னார். அடுப்போரத்தில் நடுங்கிக்கொண்டிருந்த காய்ச்சல் வீரணன்தான் அவளுக்குக் கடைசி நம்பிக்கை, அவருக்கு நெற்றியில் பத்துப் போட்டு, கஞ்சியை ஆற்றி ஊட்டி, மெதுவாகக் கேட்டாள். ஓடினான் தாயி, எதுக்குன்னு தெரியல என்று அவரும் சொல்லிவிட்டார். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது, நாங்கள் சொன்னதைத் தவிர இவர்களில் யாருக்கும் எதுவும் தெரியாது. இவ்வளவு தூரம் மலையிலிருந்து இறங்கி வந்த மனிதர்கள் எங்கள் வாயிலிருந்துதான் இறங்கியிருந்தார்கள்.

ஓட்ட நாள் நெருங்க நெருங்க வினோதினிக்குப் பொறுமை போயிற்று. சிரித்த முகக்காரிதான், ஏலக்காய் தரம் பிரிக்கிற இடத்தில் அவள் இருந்தால் வேலை நடக்கிற சத்தத்தைவிடச் சிரிப்புச் சத்தம் கூடுதலாகக் கேட்கும், ஆனாலும் மனசு என்று ஒன்று இருக்கிறதே.

"நீயும் மைக்கு முன்னால போய் நில்லும்மா. ஸ்பீக்கர் இன்னும் மலையப் பாத்துத்தான இருக்கு. எங்க பூட்டன் ஓடல, யானையக் கட்டிப் புடிச்சு நின்னாருன்னு ஒரு அரைமணி நேரம் பேசு. விடிஞ்சா அப்படி ஒருத்தரு இறங்கி வந்துருவாரு. லோகு அம்மாட்ட அவரக் காட்டுவோம்."

சிட்டம்மாளுக்கு ஆசை வராமல் இல்லை. மைதானம் வரைக்கும் போகவும் செய்தாள். போனவள் திரும்பி வந்து, அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே சொன்னாள்.

"வருவாருதான். வந்தா ரெண்டு பேராயிருவாரு. அந்த நல்லவர நாம வச்சுக்கிட்டா, இந்த ஓடுற மனுசன யாருக்குன்னு விடுறது?"



இதற்கிடையில் சிற்பி, கல் காத்துக்கிடக்கிறது என்று ஆளனுப்ப, குருநாதன் ஒரு முடிவுக்கு வந்தார். சிலைக்கு ஒரு முகம்தான் வைக்க முடியும். அதனால் ஓட்ட நாள் அன்று காலை, ஊர் முன்னிலையில், கொடிக்கம்பத்திலிருந்து அடிவாரம் வரைக்கும் அந்தப் பழைய பாதையை எந்த வீரணன் காட்டுகிறாரோ அவரே அசல், மற்றவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி மரியாதையாக வழியனுப்பிவிடலாம். பழைய பாதை காட்டுக்குள் எங்கேயோ மூடிக்கிடப்பதாகத்தான் நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். மேல்குடிக்காரர்களின் தடமா என்று மாசியிடம் கேட்டதற்கு, எங்க தடம் வேற, அது இன்னும் எங்ககிட்டதான் இருக்கு, ஒங்களுக்குச் சொல்லல என்றாள்.

அந்த நாள் வந்தது. மேளம் வந்தது, நையாண்டி வந்தது, கம்பு மாவு உருண்டை வந்தது, வீட்டுக்கொரு துடைப்பம் வந்தது. வைக்கோல் பொம்மை மூங்கிலில் ஏறி அம்மணமாக நின்றது, ஏனென்றால் சிட்டம்மாள் வந்திருந்தாள், கையில் வேட்டி இல்லை. கமிட்டிக்காரர்கள் பார்த்தார்கள், அவள் தரையைப் பார்க்கவில்லை, அவர்களைப் பார்த்தாள். கீழேயிருந்து பஞ்சவர்ணம் தாம்பூலத் தட்டோடு லோகேந்திரனின் ஜீப்பில் புறப்பட்டுவிட்டாள் என்ற செய்தி சிட்டம்மாளுக்கு வந்திருந்தது. பஞ்சவர்ணம் மேலே வந்து சேர்கிற நேரமும் துடைப்பங்கள் எழுகிற நேரமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்பதும் சிட்டம்மாளுக்குத் தெரிந்திருந்தது.

முதலில் பாதை காட்டட்டும், பொம்மையை அப்புறம் பார்க்கலாம் என்று குருநாதன் கையமர்த்தினார். வீரணன்மார் கம்பீரமாக முன்னால் வந்தார்கள். வந்து, நின்றார்கள். யானை வீரணன் வலது பக்கம் பார்த்தார். தொப்பியில்லாதவர் இடது பக்கம் பார்த்தார். சாமியார் கண்ணை மூடிக்கொண்டார், திருடன் யாராவது நகர்ந்தால் பின்னாலேயே போய்விடலாம் என்று எல்லோருடைய காலையும் பார்த்துக்கொண்டு நின்றார். பேச்சுப்போட்டி வீரணன், பல இன்னல்களைக் கடந்து, என்று ஆரம்பித்துவிட்டு மேலே வராமல் நிறுத்தினார். எப்படி வரும்? பட்டிமன்றத்தில் பேசிய எல்லோருமே அடிவாரத்தில் அவரைப் புறப்படவைத்தார்கள், உச்சியில் நிற்கவைத்தார்கள், நடுவே இருந்த மலை முழுவதையும் பல இன்னல்களைக் கடந்து என்று ஒரே மூச்சில் தாண்டிவிட்டார்கள். புறப்படத் தெரியும், நிற்கத் தெரியும், அந்த மாமனிதர்களுக்கு நடக்கத் தெரியாது. மழை வரும்போல இருக்கிறது என்றார் யானை வீரணன்.

அந்த நேரத்தில்தான் மேலே கிளைகள் முறிகிற சத்தம் கேட்டு, கண் பிதுங்க, வேட்டியைப் பிடித்தபடி, ஒச்சப்பன் வந்தான்.

கொடிக்கம்பத்தைத் தாண்டி அவன் கீழே பாய்ந்ததும் எங்கள் கை எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. வருஷா வருஷம் இதற்காகவே பழகிய கைகள். யாரோ ஒருவர் துடைப்பத்தை ஓங்கினார், மேளக்காரர் தன்னையறியாமல் அடியை மாற்றினார், அவ்வளவுதான், பொம்மையை அங்கேயே விட்டுவிட்டு ஊர் முழுக்க நிஜ ஒச்சப்பனுக்குப் பின்னால் ஓட ஆரம்பித்தது, தோட்ட முதலாளிகள், லயத்துக்காரர்கள், பூசாரி, சலூன்காரர், கைக்குழந்தைக்காரிகள், மேளம் அடித்தபடியே மேளக்காரர்கள், எல்லோருக்கும் முன்னால், அப்பாடா வழி தெரிந்த ஒருத்தன் கிடைத்தான் என்கிற ஆனந்தத்தோடு வீரணன்மார். யானை வீரணனின் தொப்பி வால் காற்றில் நேராக நின்றது, காய்ச்சல் வீரணன் கம்பளியை உதறிவிட்டு ஓடினார், மாசிகூடச் சிரித்துக்கொண்டே ஓடினாள். சிட்டம்மாளும் ஓடினாள். அடிப்பதற்கு இல்லை, அடி விழுந்தால் நடுவே விழுவதற்காக ஓடினாள்.

ஒச்சப்பன் காட்டுக்குள் இறங்குவான் என்றுதான் நினைத்தோம். அவன் ரோட்டிலேயே ஓடினான். முதல் வளைவில் வளைந்தான், பொம்மை அதற்குமேல் போனதே இல்லை, நாங்களும் போனதில்லை, அன்றைக்குப் போனோம். இரண்டாம் வளைவில் பாறையைப் பார்த்து வழுக்கித் திரும்பினான், ரோடும் அங்கே அப்படித்தான் திரும்பியது. பஸ்காரர்கள் காலங்காலமாகத் திட்டுகிற அசட்டு வளைவு ஒன்று எங்கள் ரோட்டில் உண்டு, பாறையும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல் சமதரையில் ரோடு சும்மா ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போகும், ஏன் என்று ரோடு போட்டவர்களுக்கே தெரியாது, முன்னால் மாட்டுவண்டித் தடம் அப்படி இருந்ததாம், அதற்கு முன்னால் கால்தடம் அப்படி இருந்ததாம். அந்த இடத்தில் ஒச்சப்பன் திடுக்கிட்டு, மலையளவு எதையோ பார்த்தவனாக உடம்பைக் குறுக்கி, அதன் பின்னங்காலைச் சுற்றிக்கொண்டு ஓடினான். பின்னால் வந்த ஊரும் வீரணன்மாரும் உடம்பைக் குறுக்கிக்கொண்டு சுற்றி ஓடினோம். நெஞ்சில் அடித்தாற்போல் எங்களுக்கெல்லாம் பயம் வந்தது, உடனே அது பயங்கர சந்தோஷமாகவும் இருந்தது.

சிட்டம்மாள் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த குருநாதனைப் பார்த்தாள்.

"அண்ணே, இங்க என்னண்ணே இருக்கு? ஒண்ணுமில்ல. எங்க பூட்டன் பயந்து சுத்துன சுத்துண்ணே இது. அதுல தாண்ணே நீங்க பஸ் விடுறீங்க."

துடைப்பத்தைப் பிடித்த குருநாதனின் கை தாழ்ந்தது. முன்னால் கேட்டவர்கள் பின்னால் சொன்னார்கள், பின்னால் இருந்தவர்கள் இன்னும் பின்னால் சொன்னார்கள், ஓடுகிற கூட்டத்துக்குள் அந்தப் பேச்சும் ஓடியது. ஆனால் யாரும் நிற்கவில்லை. நிற்க மனசில்லை. எங்கள் பாட்டன்மார் ஏறி வந்த ஒவ்வொரு வளைவும் முன்னால் ஓடுகிறவருடைய காலிலிருந்து விரிந்துகொண்டே போனது, அதைப் பார்த்துக்கொண்டே இறங்குவதில் ஒரு போதை இருந்தது.

அடிவாரத்துக்குக் கொஞ்சம் மேலே, புளியமரத்துத் திருப்பத்தில், லோகேந்திரனின் ஜீப் ஏறி வந்தது. லோகேந்திரன் பிரேக்கை மிதித்தான். பஞ்சவர்ணம் பட்டுச்சேலையும் தாம்பூலத் தட்டுமாக முன் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கீழிருந்து பார்க்கிறவளுக்கு என்ன தெரியும்? மேளம் முழங்க ஒரு ஊரே இறங்கி வருகிறது, ஆளுக்கொரு துடைப்பத்தால் வழியைப் பெருக்கத் தயாராக வருகிறது, அந்த ஊருக்கு முன்னால் ராட்சதர்களும் சாமியாரும் பணிவாகப் பின்தொடர, எல்லோருக்கும் முதலாவதாக ஒல்லியாக ஒரு மனிதர் வருகிறார். அவள் அவசரமாக ஜீப்பிலிருந்து இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

ஜீப் வழியை மறித்ததில் முன்னால் ஓடியவரும் பின்னால் வந்த ஊரும் தடுமாற, சிட்டம்மாள் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்து விழுந்தாள். தலைமுடி அவிழ்ந்து, வாயில் நுரை தள்ளியது. பஞ்சவர்ணம் அவளை அடையாளம் கண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏந்தா, யாரு இந்தப் பெரியவரு? ஊரே பின்னால வருது."

நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். வீரணன் என்று சொல்லியிருந்தால் ஒருவரும் மறுத்திருக்கமாட்டோம், சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் குருநாதனே தலையாட்டியிருப்பார். கூட்டத்தோடு ஓடி வந்திருந்த வினோதினி கண்ணாலேயே சொல்லு சொல்லு என்றாள். சிட்டம்மாள் மூச்சு வாங்கினாள், ஒரு தடவை எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒச்சப்பன். எங்க பூட்டன். யானையக் கண்டு பயந்து ஓடி வந்தவரு. அவரு ஓடி வந்த தடந்தான் மதினி, நீங்க ஏறி வந்த இந்த ரோடு."

நான் அந்தக் கூட்டத்தில் நின்றவன். எங்கள் ஊரில் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறோம், ஏசியிருக்கிறோம், யாரும் அதுவரைக்கும் அவர் காதுபட எங்கள் பூட்டன் என்று சொன்னதில்லை. ஜீப்பைச் சுற்றிக்கொண்டு ஓடப் போன ஒச்சப்பன் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் கால் நிற்கவில்லை, பாவம், நின்ற இடத்திலேயே மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு நிற்பதற்கு ஒரு கதையும் யாரும் சொல்லிவைக்கவில்லை.

பஞ்சவர்ணம் யோசித்தாள். யோசிக்கிறபோது அவள் முகம் எவ்வளவு கறாராக இருக்கும் என்பது பிற்பாடு அவளைச் சம்பந்தியாகப் பார்த்த எங்களுக்கு நன்றாகத் தெரியும். யானையக் கண்டா எவந்தான் ஓடமாட்டான் என்று தனக்குள் சொல்வதுபோல் சொன்னாள். பிறகு மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னடா மரம் மாதிரி நிக்கிற? பொண்ணு வீட்டுப் பெரியவரு. கால்ல விழு."

லோகேந்திரன் ஓடிவந்து ரோட்டில் குப்புற விழுந்தான். வினோதினியும் பக்கத்தில் விழுந்தாள். ஒச்சப்பன் கீழே குனிந்து, தன் காலடியில் இருக்கிற இரண்டு தலைகளைப் பார்த்தார். இனி ஒரு அடி எடுத்து வைத்தாலும் பிள்ளைகளை மிதித்துவிடுவார். முதலில் வலது கால் நின்றது. பிறகு மற்றதும் நின்றது. வேட்டியைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் அந்தத் தலைகளின் மேல் வைத்தார்.

பின்னால் நாங்கள் துடைப்பங்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றோம்.